ஜீப்பின் பின்பக்கச் சத்தம்

சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். இப்போது எங்கள் வீட்டில் அந்தக் கதை வேறுமாதிரிச் சொல்லப்படுவதால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கண்டி வீதியிலிருந்து கப்பல்துறையில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குத் திரும்பும் இடத்தில் தார் முடிந்து கிரவல் மண் தொடங்கும். அந்த விளிம்பில் ஜீப்பின் பின்சில்லு இறங்கும்போது வலப்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். யாரோ கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பதுபோல. பின்னால், தன்னுடைய குட்டி ஆசனத்தில் பட்டி போட்டு இருக்கும் என் நாலு வயது மகளும் அதைக் கேட்டிருக்கிறாள். "அம்மா, கீழ ஆரோ இருக்கினம்" என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். பிறகு பாடசாலை வாசலில் இறங்கி, சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தேன். கீழே எல்லாம் கறுப்பாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கந்தளாயில் அலுவலக வேலை. விடியப் பஸ்ஸில் போய்ப் பொழுதுபடத் திரும்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்து எங்கள் உப்புவெளி ஒழுங்கையில் மேலும் கீழுமாக ஓடிவிட்டு வந்து, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

"ஒழுங்கையில கேக்காது. கிரவலில இறங்கேக்கதான் கேக்கும்."

"நீர் காதைத் தீட்டி வச்சுக்கொண்டு ஓடினா காத்துச் சத்தமும் கேக்கும்."

எனக்கு அப்படியொரு பெயர் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல் படலை வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பவள். காய்ச்சல் இல்லை என்று கருவி காட்டிய பிறகும் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பவள். இப்படி ஒருத்தி சத்தம் கேட்கிறது என்றால் வீட்டில் இருப்பவர்கள் சத்தத்தைத் தேடமாட்டார்கள், அவளைத்தான் பார்ப்பார்கள். அதில் அவர்களுடைய பிழை ஒன்றும் இல்லை என்றே நானும் நினைத்திருந்தேன். சில நாட்களில் அந்த விளிம்பு வருவதற்கு முன்பே எனக்குச் சத்தம் கேட்டது. அப்போது என் காதை நானே சந்தேகித்தேன்.

பிறகு அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

அண்ணா சல்லி என்ற ஊரில், அண்ணியின் வீட்டில் இருக்கிறார். கடற்கரையில் பைபர் படகுகள் திருத்துவது அவருடைய தொழில். பாறையில் அடிபட்டு வயிறு கிழிந்த படகையும் சில நாட்களில் கடலுக்கு அனுப்பிவிடுவார். கண்ணாடி நார்ப் பாயை வெட்டி, ரெசினில் தோய்த்து, ஓட்டையின்மேல் படைபடையாக ஒட்டி, காய்ந்தபின் தேய்த்துப் பூச்சு அடித்தால், எந்த இடம் கிழிந்திருந்தது என்று படகுக்காரனுக்கே தெரியாது. ரெசினின் காரமான மணம் அவருடைய சேட்டில் எப்போதும் இருக்கும். என் மகளுக்கு மாமா என்றால் அந்த மணம்தான்.

"சொக் அப்சோபர் போயிருக்கும்" என்றார், நான் சொல்லி முடிக்கும் முன்பே. சில்லின் குலுக்கலைத் தாங்கும் குழாயைத்தான் சொன்னார். "பின்பக்கத்து ரெண்டும் பழசுதானே. மாத்தினாச் சரி."

"அப்ப ரவுணில கராஜில விடட்டோ அண்ணா?"

"நான் உயிரோட இருக்க உனக்குக் கராஜ் கேக்குதோ?" அவருடைய குரல் உண்மையாகவே ஏறியது. "அவங்கள் ஒண்டைக் கழட்டப்போய் ஒம்பதைக் கழட்டுவாங்கள். ஒருத்தனிட்டயும் விடாத. நான் வந்து மாத்தித் தாறன்."

அந்தக் கோபம் எனக்கு இனித்தது. எங்களைப் பெற்ற ஐயா இல்லாத வீட்டில் ஒருவர் இப்படி உரிமையோடு ஏசுவது எவ்வளவு ஆறுதல் என்று கணவரிடமும் சொன்னேன். "ஓம், மச்சான் பாத்துச் செய்வார்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

ஜீப் ஐயாவுடையது. படகைக் கரைக்கு இழுக்கவும் என்ஜின் ஏற்றவும் வாங்கியது. பின்பக்கத்தைக் கடலுக்குள் இறக்கி, அலை வந்து செசியை நனைத்து நனைத்துப் போகத்தான் அது வேலை செய்தது. செசி என்பது நீளத்துக்குப் போகும் இரும்புச் சட்டம். உடம்பு, என்ஜின், சில்லு எல்லாம் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போவான். அப்படி எனக்கு வீடு வந்தது, அண்ணாவுக்குப் படகும் என்ஜினும் போயின. ஜீப் யாருக்கு என்று சொல்லாமலே ஐயா இறந்துவிட்டார். அண்ணாதான் சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால், "அது தங்கச்சிக்கு. பிள்ளைகுட்டி வந்தா ஏத்திக்கொண்டு திரிய உதவும்" என்றார். என் கலியாணத்துக்கு முந்திய கிழமை அதைச் சல்லிக்குக் கொண்டுபோனார். கீழே முழுக்கக் கறுப்புத் தார்ப்பூச்சு, மேலே பச்சை நிறம், முன்னால் ஒரு மாலை. அப்படித்தான் அது திரும்பி வந்தது. சனம் ஒழுங்கையில் நின்று பார்த்தது. நான் அழுதுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணா வந்தார். புதிய சொக் இரண்டையும் பெட்டியோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்தார். துருப்பிடித்த நட்டுகள் இளகட்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால், கணவர் நாலைந்து பின்னேரங்கள் ஜீப்பின் கீழே படுத்து டீசலும் பிரேக் எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்திருந்தார். நானும் என் பங்குக்கு வாசித்து வைத்திருந்தேன். ஜக்கை மட்டும் நம்பி ஒரு வாகனத்தின் கீழே போகக்கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. பின்வளவில் கிடந்த பனங்குற்றிகளை உருட்டிக்கொண்டுவந்து பின் அச்சின் கீழே முட்டுக்கொடுத்தேன்.

"ரீச்சர் பாடம் நடத்த வந்திட்டா" என்றார் அண்ணா. "மச்சான், கையைக் கட்டிக்கொண்டு நில்லு."

"நான் வீட்டில எப்பவும் அப்படித்தானே நிக்கிறன்" என்றார் கணவர்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் என்னைப் பகிடி பண்ணுகிற விதத்தில் ஒரு பாசம் இருந்தது. அதை இன்றைக்கும் பொய் என்று சொல்லமாட்டேன்.

இடப்பக்கத்தை முதலில் கழற்றினார். கீழ் நட்டு எண்ணெய் ஊறி இளகியிருந்தது. மேல் நட்டு அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, கால்களை ரயரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். துருத்தூள் கொட்டிக் கண்ணை இடுக்கவைத்தது. கடைசியில் நட்டு கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. வெளியே வந்த பழைய சொக்கை மடியில் வைத்து இழுத்தும் அமத்தியும் காட்டினார். காற்றுப்போன சைக்கிள் பம்பைப் போல அது எந்தத் தடையும் இல்லாமல் போய்வந்தது; எண்ணெய் கசிந்து கறுப்பாகியிருந்தது.

"இந்தா, இதுதான் உன்ர சத்தம்."

புதியதை என் மகளின் கையில் கொடுத்து அமத்தச் சொன்னார். அவளால் அமத்த ஏலவில்லை. மாமா அமத்திவிட்டுக் கையை எடுக்க, அது தானாக மெல்ல மெல்ல நிமிர்ந்தது. "இது மூச்சு விடுது" என்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே நான் கணவரிடம், "நான் சொன்னனான்தானே" என்றேன். எனக்கு அன்று காலை அவ்வளவு சந்தோஷம். காது பிழை விடவில்லை, அண்ணா வந்துவிட்டார், எல்லாம் சரியாகப் போகிறது.

வலப்பக்கம் வந்தது. நான் முழங்காலில் நின்று கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தேன். அண்ணா கீழே படுத்தபடி மேல் நட்டில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

"அண்ணா! இதுதான். இதே சத்தம்தான்."

அவர் மறுபடி மெதுவாகத் தட்டினார். அசைந்தது நட்டு மட்டுமில்லை. அது பொருந்தியிருந்த தண்டு, அந்தத் தண்டு ஒட்டியிருந்த கறுப்புப் பகுதி எல்லாம் சேர்ந்து ஆடியது. ஒரு பல் முரசோடு ஆடுவதுபோல.

"தங்கச்சி, போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா."

"இப்பதானே குடிச்சனீங்கள்."

"வெயில் ஏறுது. போடு, போ."

கணவர் என் கையிலிருந்து வெளிச்சத்தை வாங்கினார். "நீர் போம். நான் பிடிக்கிறன்."

நான் போனேன். சொன்னால் செய்கிற பழக்கம் எனக்கு. குசினியில் தண்ணீரை வைத்துவிட்டு நின்றேன். அண்ணா ஏன் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை என்று யோசித்தேன். நான்தான் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறேன் என்றும் யோசித்தேன். தண்ணீர் சூடாகும்போது யன்னல் வழியாக அந்த மணம் வந்தது. ரெசின்.

அடுப்பை அணைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

பாதியாக வெட்டிய தண்ணீர்ப் போத்தலுக்குள் அண்ணா ஒரு குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பத்திரிகைத் தாளின்மேல் வெள்ளைப் பாய்த்துண்டுகள், அளவாக வெட்டியபடி. என் மகள் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொக் மாத்த எதுக்கு ரெசின்?"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் என்னை. பிறகு ஒருவரை ஒருவர்.

"ஒரு சின்ன ஓட்டை" என்றார் அண்ணா. "அடைச்சுவிட்டாச் சரி."

"இரும்பிலயோ?"

"பைபர் கடல்லயே நிக்குது. ரோட்டில நிக்காதோ?"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஓட்டையைக் கண்டபிறகு அவர் சல்லிக்குப் போய் இவற்றை எடுத்துவரவில்லை. வரும்போதே கொண்டுவந்திருந்தார்.

நான் சேலையோடு மண்ணில் படுத்தேன். "இஞ்சருங்கோ, அதைத் தாங்கோ" என்று கணவரின் கையிலிருந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு கீழே நகர்ந்தேன். "உடுப்பெல்லாம் அழுக்காகும், எழும்பும்" என்று அவர் சொன்னது கேட்டது. சொக்கின் மேல்முனை பொருந்தும் இடத்தில் கறுப்புத் தார்ப்பூச்சு தோலைப் போலக் கிழிந்து தொங்கியது. அதற்குப் பின்னால் வெள்ளை நார். படகின் வயிற்றில் பார்த்திருக்கிறேன், அதே நார், அதே நெசவு. அதற்கும் பின்னால் இரும்பு இருக்கவேண்டும். பக்கத்தில் கிடந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். நான் குத்தவில்லை. வைத்தேன், அவ்வளவுதான். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஈரமான துரு, ஊறிய தேயிலைச் சக்கையைப் போல என் கையில் கொட்டியது.

பைபர் தண்ணீரை உள்ளே விடாது என்பது உண்மை. உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை வெளியே விடாது என்பதும் உண்மை. அண்ணா படகுக்குச் செய்வதைச் செசிக்குச் செய்திருந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மிச்ச இரும்பையும் இருட்டிலே தின்று முடித்திருந்தது. என் சத்தம் சொக்கில் இருந்து வரவில்லை. சொக்கைப் பிடித்து நின்ற இடம் கழன்று வரும் சத்தம் அது.

கீழே படுத்தபடியே கேட்டேன். "எப்ப போட்டனீங்கள் இதை?"

"நீ முதல்ல வெளிய வா."

"எப்ப அண்ணா?"

"உன்ர கலியாணத்துக்கு முந்தி." அவருடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன, செருப்பில் ரெசின் சொட்டிக் காய்ந்திருந்தது. "வெட்டி இரும்பு வைக்கிறதெண்டா அந்தக் கிழமைக்குள்ள முடியாது. தங்கச்சிக்குக் குடுக்கிற சாமானை ஓட்டையோட குடுத்தா சனம் என்ன கதைக்கும்? தான் படகை எடுத்துப்போட்டு உக்கலைத் தள்ளிவிட்டான் எண்டு கதைக்கும். நான் நல்லாத்தான் போட்டனான். சத்தியமா, நிக்கும் எண்டு நினைச்சுத்தான் போட்டனான்."

அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். பைபரால் அடைக்க முடியாத ஒன்றை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. விஷயம் அத்தோடு நின்றிருந்தால் நான் வெளியே வந்து, உடுப்பைத் தட்டிவிட்டு, தேத்தண்ணி போட்டிருப்பேன்.

"பிறகு பாக்கேல்லையோ?"

கணவர் பேசினார். "போன மாரி மழைக்க ஒருக்கா வெடிச்சிருந்தது. மச்சான் இன்னொரு படை போட்டவர்."

நான் வெளியே வந்தேன். "உங்களுக்குத் தெரியும்."

"நீர் பயப்படுவீர் எண்டுதான்..."

"போன மாரியில இருந்து நான் பிள்ளையைப் பின்னால இருத்திக்கொண்டு ஓடினனான். ஒவ்வொரு நாளும்."

"அதுதான் நான் மெல்ல ஓடும், மெல்ல ஓடும் எண்டு சொன்னனான்."

அவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு காலையும், பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது திரும்பி நின்று, "மெல்ல ஓடும்" என்பார். அந்தச் சொல்லை நான் பாதை முழுவதும் வைத்துக்கொண்டு போவேன். என்னைப்பற்றி நினைக்க ஒருவர் இருக்கிறார் என்று. அது அக்கறை என்று நினைத்தேன். அக்கறைதானோ என்னவோ. ஆனால் அதற்குள் எனக்குச் சொல்லாத ஒரு செய்தி இருந்தது. அதை அறிந்துகொண்டுதான் அவர் எனக்கு முன்னால் நின்று, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

"வேற எங்க போட்டிருக்கு?" என்று அண்ணாவிடம் கேட்டேன்.

"இந்த ரெண்டு பக்கமும்தான். சொக் பிடிக்கிற இடம். வேற இல்லை."

"வேற இல்லையோ?"

"இல்லையெண்டுறன். இடப்பக்கம் நல்லா இறுகிப் போய்த்தான் இருக்கு, நீயும் பாத்தனிதானே. இதையும் ஒட்டிவிட்டா ரெண்டு நாளில காஞ்சிடும். திங்கக்கிழமை ஓடலாம்."

கலக்கிய ரெசின் இறுகத் தொடங்குகிறது என்ற அவசரம் அவருடைய கண்ணில் தெரிந்தது. படகோட்டி கரையில் காத்திருப்பதுபோல. ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போனேன்.

படகில் எங்கே உள்ளுக்குள் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அண்ணா விரலால் தட்டிப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து கண்டிருக்கிறேன். அப்படியே செசியைப் பின்னிருந்து முன்னுக்குத் தட்டிக்கொண்டு போனேன். இரும்பு இருக்கும் இடத்தில் ஸ்பானர் கணீரென்றது. சொக் பிடிக்கும் இடத்தில் தட்டையாகச் சத்தம் வந்தது, எதிர்பார்த்ததுதான். கடந்து போனேன். கணீர், கணீர், கணீர். பிறகு, பின் ஆசனத்துக்கு நேர் கீழே, உடம்பு செசியில் பூட்டப்பட்டிருக்கும் இடத்தில், மறுபடியும் அந்தத் தட்டைச் சத்தம். ஒரு முழ நீளத்துக்கு. கறுப்புப் பூச்சை ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டினேன். வெள்ளை நார்.

அதற்கு நேர் மேலேதான் என் மகளின் ஆசனம் பூட்டியிருந்தது. பூட்டியவர் அவளுடைய அப்பா.

"அண்ணா" என்றேன். "இது?"

அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"அது பெருசா இல்லை" என்றார்.

எனக்குக் கோபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. வெளியே வந்து, கதவைத் திறந்து, பின்னால் ஏறினேன். மகளின் ஆசனத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினேன். கணவர் "விடும், நான் கழட்டுறன்" என்று கையை நீட்டினார். நான் விடவில்லை. எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஸ்பானர் வழுக்கி விரல் தோல் உரிந்தது. வெயிலில் ரெசின் போத்தல் சூடாகி, புகைந்து, கட்டியாகிப் போனது. ஒருவரும் அதைத் தொடவில்லை. அண்ணா ஒரு நேரத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்று சொன்னார். ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்தேன்.

அடுத்தநாள் பின்னேரம் கணவர் முற்றத்துக் கதிரையில் இருந்து நெடுநேரம் கதைத்தார். சொன்னால் நான் ஓடமாட்டேன், ஓடாவிட்டால் பாடசாலைக்குப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறவேண்டும், அதுவும் கஷ்டம்தானே, அதனால்தான் மாரி முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போட்டோம் என்றார். எல்லாம் நியாயம்போலத்தான் இருந்தது. நியாயம்போல இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் சத்தம் கேக்குது எண்டு சொல்லேக்க" என்றேன், "உங்களுக்கு எப்படி இருந்தது?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "உமக்குக் கேட்டிட்டுது எண்டு தெரிஞ்சது."

அவர் அன்று சொன்னவற்றில் அது ஒன்றுதான் முழு உண்மை என்று நினைக்கிறேன். அதைச் சொன்னதற்காக அவர்மேல் கொஞ்சம் மதிப்பும் வந்தது. அந்த மதிப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் போனோம். ரவுண் பஸ் நிலையத்தில் மாறி, கண்டி வீதிப் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் மகளை மடியில் இருத்திக்கொண்டேன்.

"ஜீப்புக்கு என்னம்மா?"

"வருத்தம்."

"மாமா மருந்து கலக்கினவர்தானே?"

"ஓம் செல்லம். அது சரிவராத மருந்து."

கிரவல் தொடங்கும் இடத்தில் இறங்கி நடந்தோம்.

இரண்டு மூன்று கிழமைகளில் செசி வேலை முடிந்தது. அண்ணாவே ஒரு டிராக்டரைப் பிடித்து ஜீப்பைப் பட்டறைக்கு இழுத்துப்போய், பைபர் எல்லாவற்றையும் வெட்டி எடுப்பித்து, புது இரும்பு வைத்து உருக்கி ஒட்டுவித்தார். நான் கேட்காமலே செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கையில் அதன் என்ஜின் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அண்ணா சாரதி இடத்தில் இருந்தார். பின் ஆசனத்தில் அவருடைய மகள், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள், இரட்டைப் பின்னலோடு.

"பார்" என்றார் இறங்கிக்கொண்டே. "என்ர பிள்ளையையே ஏத்திக்கொண்டு வந்தனான். இனியும் நம்பமாட்டியோ?"

நான் ஸ்பானரை எடுத்துவந்து கீழே படுத்தேன். முழு நீளத்துக்கும் தட்டினேன். வலம், இடம், பின் ஆசனத்தின் கீழ், சொக் பிடிக்கும் இரண்டு இடமும். எல்லாம் கணீரென்றது. ஒட்டுவேலைக் கோடுகள் தடிப்பாக, வெள்ளையாகத் தெரிந்தன. தார்ப்பூச்சு அடிக்கவில்லை, நான் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார். அது எனக்கு விளங்கியது.

எழும்பி, "இரும்புதான்" என்றேன்.

அவருடைய முகம் இளகியது. "பின்ன? திங்கக்கிழமை பிள்ளையைக் கொண்டு போ."

"அண்ணிக்குத் தெரியுமோ?"

"என்ன?"

"இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது எண்டு. போன மாரியில இருந்து உங்கட பிள்ளையும் எங்களோட எத்தினை தரம் இதில வந்திருக்கு. அண்ணியிட்டச் சொல்லிப்போட்டோ இண்டைக்கு ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

"இப்ப சரியாப் போச்சுதே. இனி அவளிட்டச் சொல்லி என்னத்துக்கு? சும்மா பயப்படுவாள்."

கணவர் வாசலில் நின்றார். அண்ணா அவரைப் பார்த்தார். கணவர் இந்தமுறை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

"போன் எடுத்துச் சொல்லுங்கோ அண்ணா. இஞ்ச நிண்டு, நான் கேக்கச் சொல்லுங்கோ."

அண்ணா சேட்டுப் பொக்கற்றில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். அண்ணியின் இலக்கம் வரை போனார் என்று நினைக்கிறேன். பெருவிரல் அந்தரத்தில் நின்றது. பின் ஆசனத்திலிருந்து அவருடைய மகள், "அப்பா, இறங்கட்டோ?" என்று கேட்டாள்.

"பிறகு சொல்லுறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் திரும்ப வைத்தார்.

நான் போய் அவருடைய மகளின் பட்டியைக் கழற்றி அவளை இறக்கிவிட்டு, ஜீப்பில் செருகியபடி கிடந்த திறப்பையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள் ஓடினார்கள். அண்ணாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்தார். திரும்பிப் போகும்போது மகளை ஏற்றிக்கொண்டு போக ஜீப்பின் திறப்பைக் கேட்டார். அண்ணியிடம் சொன்னபிறகு ஏற்றலாம், இப்போது பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். பஸ் தரிப்பிடம் வரை கூட நடந்து போய், சல்லிப் பஸ் வரும்வரை அவர்களோடு நின்றேன். அண்ணா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை நானும் மகளும் கண்டி வீதிப் பஸ்ஸில் போனோம்.